தாத்தா பிறந்த வருஷத்துக்குத் தாய்ப் பத்திரம் எங்கே?

(நம் சங்கத்தின் மாதாந்திரச் சந்திப்பில் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



இங்கே ஃப்ளாட் வாங்கிய எல்லோரும் ஒரு வக்கீலைப் பார்த்திருப்போம். "தாய்ப் பத்திரம் கொண்டு வந்தீர்களா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டீர்களா?" என்றுதான் அவர் ஆரம்பித்திருப்பார். கட்டியவர் பெரிய ஆள், விற்றவர் தெரிந்தவர் என்று நாம் என்ன சொன்னாலும், "அதெல்லாம் இருக்கட்டும் சார், பேப்பர் எங்கே?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நமக்குக் கொஞ்சமும் தப்பாகத் தெரியவில்லை. போடுவது நம் பணம்.

அதே நாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எப்படி இருக்கிறோம்? ஒரு சித்தப்பா "தாத்தா பிறந்தது 1912" என்று எழுதுகிறார். பன்னிரண்டு பேர் கைகூப்புகிறார்கள். யாராவது ஒருவர் அதை எடுத்து வம்சாவளிப் படத்தில் போட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றுகிறார். அதற்கடுத்த ஆண்டு சித்தப்பாவே அந்த இணையப் பக்கத்தைக் காட்டி, "பாருங்கள், அங்கேயும் 1912 என்றுதான் இருக்கிறது" என்கிறார். தாய்ப் பத்திரமே இல்லாமல் ஒரு சொத்து நான்கு கை மாறிவிட்டது.

குடும்ப மரம் வரைவது எப்படி என்று நான் பேசப் போவதில்லை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரும் கற்றுக்கொள்ளலாம். மரத்தில் இருக்கிற ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்பதை மென்பொருளில் எப்படிப் பதிவது, பதிந்ததைப் பத்து வருஷம் கழித்து எப்படித் தேடி எடுப்பது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இதை இந்த இடத்தில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் ஊர் வீட்டை விற்றுவிட்டோ பூட்டிவிட்டோ வந்தவர்கள். ஊரில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்திருக்கும். அதில் ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டு, ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கடிதங்கள் எல்லாம் கிடந்திருக்கும். ஃப்ளாட்டில் பரண் கிடையாது. இருக்கிற லாஃப்டில் கொலுப்படியும் சூட்கேஸும் ஏறிவிட்டன. ஊர் வீட்டைக் காலி செய்கிற இரண்டு நாளில் நிலப் பத்திரங்கள் மட்டும் பத்திரமாக வருகின்றன. மற்றவை எடைக்குப் போகின்றன. அந்தக் காகிதங்களைப் படித்து விளக்கக்கூடிய பெரியவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்களாக. காகிதமும் ஆளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் காலம் இனி நீளமானதல்ல.

மென்பொருள் என்று நான் காட்டுவது கிராம்ப்ஸ். 2001 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கி வருவது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தகவல்கள் நம் கணினியிலேயே இருக்கும் என்பதால் எனக்குப் பிடித்தது. ரூட்ஸ்மேஜிக், லெகஸி, ஃபேமிலி ட்ரீ மேக்கர் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். பொத்தான்களின் பெயர் மாறும், கணக்கு ஒன்றுதான்.

கணக்கு மூன்று அடுக்கு. முதலாவது ரெபாசிட்டரி, அதாவது காகிதம் இருக்கும் இடம். உங்கள் பீரோ, மதுரையில் இருக்கும் அத்தை வீட்டு அலமாரி, சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எதுவும் இருப்பிடம்தான். இரண்டாவது சோர்ஸ், அதாவது அந்தக் காகிதம் அல்லது புத்தகம். ஆதாரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சைட்டேஷன். அந்த ஆதாரத்தில் எந்தப் பக்கம், எந்த வரி, அது எதை நிரூபிக்கிறது என்ற சான்றுக் குறிப்பு. நூலகம், புத்தகம், பக்கம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

"ஆதாரம் வேறு, சான்றுக் குறிப்பு வேறு என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? தலையைச் சுற்றுகிறதே" என்று பலர் கேட்பார்கள். அதற்குப் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் காட்டுவேன்.

அந்தக் காலத்துப் பள்ளிச் சான்றுகளை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பையனைச் சேர்க்கப் போன தாத்தாவுக்குத் தேதி தெரியாது. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயதுக் கணக்கு சரியாக வருகிற மாதிரி ஒரு தேதியை வாத்தியாரே எழுதிவிடுவார். வாத்தியார் கொடுத்த பிறந்தநாள் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுதான். ஆனால் அதே புத்தகம், அந்தப் பையன் எந்தப் பள்ளியில் படித்தான், எந்த வருஷம் தேர்வு எழுதினான் என்பதற்கு முதல்தரச் சான்று. அதை எழுதிய பள்ளிக்கு அந்த விஷயம் நேரடியாகத் தெரியும். ஆக, காகிதம் ஒன்று. படிப்புக்கு அது உறுதியான சாட்சி, பிறந்த தேதிக்குக் கேள்விச் சாட்சி.

கிராம்ப்ஸ் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட மென்பொருள். எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பீட்டை அது ஆதாரத்தின் மேல் போடுவதில்லை, ஒவ்வொரு சான்றுக் குறிப்பின் மேலும் தனித்தனியாகப் போடச் சொல்கிறது. மிகக் குறைவு, குறைவு, சாதாரணம், அதிகம், மிக அதிகம் என்று ஐந்து படிகள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்ற ஒரே ஆதாரத்தின் கீழ் இரண்டு குறிப்பு எழுதுங்கள். தேர்வு எழுதிய வருஷத்துக்கு "மிக அதிகம்", பிறந்த தேதிக்குக் "குறைவு". பிரித்து வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது.

கல்யாணப் பத்திரிகையும் இதே ஜாதிதான். இன்னாரின் பேரன், இன்னாரின் குமாரன், பூர்வீகம் இன்ன ஊர் என்று ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். உறவுமுறைக்கு அதைவிட நல்ல காகிதம் நம் வீடுகளில் குறைவு. ஆனால் முகூர்த்தத் தேதிக்கு அது சாட்சி என்றால், அன்று கல்யாணம் நடத்தத் திட்டமிட்டார்கள் என்பதற்கு மட்டும்தான். அச்சடித்த பிறகு தள்ளிப்போன கல்யாணங்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

ஜாதகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் குடும்பங்களுக்கே உரிய ஆதாரம் அது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் அதற்கு வழி சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓர் உதாரணம், பெயர்கள் நான் வைத்தவை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். ராமசாமியின் மகன் சுப்பிரமணியன், அவர் மகன் மறுபடியும் ராமசாமி. இப்போது பெட்டியில் ஒரு ஜாதகம் கிடைக்கிறது. ராமசாமி, பிரமாதி வருஷம், ஐப்பசி மாதம். பஞ்சாங்கத்தைப் பார்த்து 1939 என்று கணக்கிட்டு, பேரன் ராமசாமியின் பெயரில் போட்டுவிடுகிறீர்கள். ஆனால் தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. 1939 பிரமாதி என்றால் 1879-உம் பிரமாதிதான். அது தாத்தா ராமசாமியின் ஜாதகமாகவும் இருக்கலாம்.

குரு, சனி எந்த ராசியில் என்று பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல். குரு ஒரு சுற்றுக்குச் சுமார் 12 ஆண்டு, சனி சுமார் 30 ஆண்டு எடுத்துக்கொள்கிறார்கள். 60 ஆண்டில் இருவரும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். ராகு, கேது அப்படியில்லை. அவர்கள் சுற்றுக்குச் சுமார் பதினெட்டரை ஆண்டு என்பதால் 60 ஆண்டில் இடம் நன்றாக மாறியிருக்கும். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் சுலபம். 60 ஆண்டு இடைவெளியில் அதே தமிழ்த் தேதிக்கு அதே கிழமை வராது.

அதாவது, இது யார் ஜாதகம் என்பதைத் தீர்க்கும் விவரம் அந்த ஓலையிலோ காகிதத்திலோதான் இருக்கிறது. நீங்கள் மென்பொருளில் "பிறப்பு 1939, ஆதாரம்: ஜாதகம்" என்று மட்டும் பதிந்துவிட்டு, ஜாதகம் எடைக்குப் போய்விட்டால், உங்கள் பேரப்பிள்ளை அதைச் சரிபார்க்க வழியே இல்லை. தாத்தாவின் பிறப்பு பேரனோடு ஒட்டிக்கொண்டு, ஒரு தலைமுறையே குழம்பிப் போகும்.

ஆகவே சான்றுக் குறிப்பில் இரண்டு தனித்தனிக் குறிப்புகள் எழுதுங்கள். ஒன்றில் காகிதத்தில் இருப்பது இருக்கிறபடியே. வருஷம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், கட்டத்தில் எந்த ராசியில் யார் என்று முழுதாக. எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு. இன்னொன்றில் நீங்கள் போட்ட கணக்கு: "ராகு இருக்கும் இடத்தை வைத்து 1939 என்று கொள்கிறேன்." கிராம்ப்ஸின் தேதிப் பெட்டியில் இஸ்லாமிய நாட்காட்டி, யூத நாட்காட்டி எல்லாம் உண்டு, நம் தமிழ் நாட்காட்டி கிடையாது. எனவே தேதிப் பெட்டியில் ஆங்கிலத் தேதி, குறிப்பில் தமிழ்த் தேதி என்று இரண்டும் இருக்க வேண்டும்.

பழைய பத்திரங்களுக்கும் இதுவே முறை. அவற்றில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படி என்பதற்கு ௸ என்று குறியீடுகள் வரும். 1938 என்பதை ௲௯௱௩௰௮ என்று எழுதியிருப்பார்கள். இதை அப்படியே தட்டச்சு செய்வது நல்லது. ஆனால் நாளைக்கு 1938 என்று தேடினால் அது அகப்படாது. அதனால் ஆதாரத்தின் தலைப்பில் சாதாரண எண்ணில் வருஷம் கட்டாயம் இருக்கட்டும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஒழுங்கு என்பது பெரும்பாலும் தலைப்பு வைப்பதில்தான் இருக்கிறது. "அப்பா கொடுத்த பத்திரம்" என்று தலைப்பு வைத்தால் அது உங்களுக்கு மட்டும், அதுவும் இந்த வருஷம் மட்டும் புரியும். என்ன காகிதம், எந்த ஊர், எந்த வருஷம், என்ன எண் என்ற வரிசையில் வையுங்கள். "கிரயப் பத்திரம், மாயவரம் சார்பதிவகம், 1938, எண் இத்தனை" என்று. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்றால், பட்டியலை அகர வரிசைப்படுத்தும்போது கிரயப் பத்திரமெல்லாம் ஓரிடத்தில், கல்யாணப் பத்திரிகையெல்லாம் ஓரிடத்தில் தானாக வந்து நிற்கும்.

பத்திரத்தில் எந்தச் சார்பதிவகம், ஆவண எண், வருஷம், எந்தப் புத்தகம் என்ற நான்கையும் விடாமல் குறியுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும், உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். இந்த விவரம் கையில் இருந்தால், மூலப் பத்திரம் தொலைந்தாலும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க முடியும். அது வம்சாவளிக்கு மட்டும் உதவும் விஷயமில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், மென்பொருள் அச்சடித்துக் கொடுக்கும் மரத்தை எடுத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போகாதீர்கள். அங்கே அதற்கு மதிப்பில்லை. அவர்களுக்கு வேண்டிய காகிதங்களைத் தேடி எடுக்க அது உதவும், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை ஆதாரத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். பத்திரத்தில் "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா" என்று இருக்கும். இன்று அது மயிலாடுதுறை. 1991-இல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது, 2020-இல் அதிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. கிராம்ப்ஸில் ஓர் இடத்துக்குப் பல பெயர்களும், எந்தக் காலத்தில் எந்த மாவட்டம் என்பதும் பதிய முடியும். இடத்தை ஒரு முறை ஒழுங்காகப் பதிந்துவிட்டால், பத்திரத்தில் இருப்பதைத் "திருத்தி" எழுதும் ஆசை வராது.

மேல்நாட்டு வம்சாவளிக்காரர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு. ஒரு அலுவலகத்துப் பதிவுகளை எல்லாம் ஒரே ஆதாரமாகச் சேர்த்து, ஒவ்வொரு பதிவையும் அதன் கீழ் குறிப்பாக வைப்பவர்கள் ஒரு கட்சி. ஒவ்வொரு காகிதத்தையும் தனி ஆதாரமாகப் பிரிப்பவர்கள் இன்னொரு கட்சி. அவர்களுக்குச் சர்ச் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்குத் தாள் என்று பெரிய பெரிய தொகுதிகள் கிடைக்கின்றன. நமக்குக் கிடைப்பது உதிரிக் காகிதங்கள். அதனால் என் கட்சி பிரிப்பதுதான். ஒரு காகிதம், ஓர் ஆதாரம். கிறிஸ்தவக் குடும்பத்தார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பயன்படுத்தும்போது மட்டும் பதிவேடு முழுவதையும் ஓர் ஆதாரமாக வைத்து, பக்கத்தையும் வரிசை எண்ணையும் குறிப்பில் எழுதுவது சரியாக வரும்.

கிராம்ப்ஸ் ஒவ்வோர் ஆதாரத்துக்கும் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணைத் தானே கொடுக்கும். காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் மேல் அந்த எண்ணை எழுதுங்கள். ஸ்கேன் செய்த படத்தின் கோப்புப் பெயரும் அதே எண்ணில் தொடங்கட்டும். திரையில் தேடிக் கிடைத்த எண்ணைக் கொண்டு அலமாரியில் கையை வைத்தால் காகிதம் வந்துவிட வேண்டும். மூலக் காகிதத்தில் பேனா, ஸ்டேப்ளர் இரண்டும் படக் கூடாது. தயவுசெய்து லேமினேஷன் வேண்டாம். ஒட்டினால் பிரிக்க முடியாது, உள்ளே காகிதம் கெடுவதையும் நிறுத்த முடியாது.

வாய்மொழிக்கும் இடமுண்டு. பாட்டி சொன்னது ஆதாரம்தான். யார் சொன்னார், எந்தத் தேதியில், யார் கேட்டு எழுதியது, ஒலிப்பதிவு உண்டா என்று எழுதினால் அது முறையான ஆதாரம். "பாட்டி சொன்னாள்" என்று மட்டும் எழுதினால், எந்தப் பாட்டி என்று பிறகு யாரிடம் கேட்பது? அவர் கண்ணால் பார்த்ததா, அவர் மாமியார் சொல்லக் கேட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு படி.

சரி, தேடுவதற்கு வருகிறேன். சான்றுக் குறிப்புகளை மரவடிவில் காட்டும் ஒரு பக்கம் கிராம்ப்ஸில் இருக்கிறது. ஆதாரத்தின் பெயரைச் சொடுக்கினால் அதன் கீழ் உள்ள குறிப்புகள் எல்லாம் விரியும். பக்கவாட்டில் வடிகட்டி ஒன்று உண்டு. தலைப்பு, ஆசிரியர், பக்கம், தேதி, குறிப்பில் உள்ள சொல், குறைந்தபட்ச நம்பகத்தன்மை என்று எதை வைத்தும் சலிக்கலாம். ஓர் ஆதாரத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ரெஃபரன்சஸ் பகுதியைப் பார்த்தால், அது எங்கெங்கே பயன்பட்டிருக்கிறது என்று தெரியும். இது நாம் நினைப்பதைவிட முக்கியமானது. "அந்த ஜாதகம் தாத்தாவுடையது" என்று ஒரு நாள் தெரியவந்தால், அதை நம்பி எழுதிய எல்லா இடங்களையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை. ஒரே வரி ஐந்து பேருக்குச் சான்றாகிறது என்றால், ஐந்து புதுக் குறிப்பு எழுதாமல், ஏற்கெனவே உள்ள குறிப்பையே ஐந்து இடத்திலும் இணைக்க வேண்டும். புதிதாகச் சேர்க்க ஒரு பொத்தான், இருப்பதை எடுத்து இணைக்க இன்னொரு பொத்தான் என்று அருகருகே இருக்கும். ஏற்கெனவே பல நகல்கள் சேர்ந்துவிட்டவர்களுக்கு, ஒரே மாதிரிக் குறிப்புகளை ஒன்றாக்கும் கருவி டூல்ஸ் பட்டியலில் இருக்கிறது. பயன்படாதவற்றை நீக்கும் கருவியும் அங்கே உண்டு. அதில் மட்டும் நிதானம் வேண்டும். பதிந்துவிட்டு இன்னும் யாரோடும் இணைக்காமல் வைத்திருக்கும் ஆதாரமும் அதன் கண்ணுக்குப் பயன்படாததுதான்.

சான்றே இல்லாதவற்றைத் தேடுவதுதான் எனக்குப் பிடித்த தேடல். தனிப்பயன் வடிகட்டியில், ஆதார எண்ணிக்கை பூஜ்யம் என்று ஒரு விதி போடலாம். இதை ஆட்கள் பக்கத்தில் போடாமல் நிகழ்வுகள் பக்கத்தில் போடுங்கள். ஏனென்றால் சான்றை ஆளின் மேல் பொதுவாகத் தொங்கவிடாமல், பிறப்பு, திருமணம், இறப்பு என்று அந்தந்த நிகழ்வோடு இணைப்பதுதான் சரி. வருகிற பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். யாரிடம் என்ன கேட்பது என்ற தயக்கம் இருக்காது.

தமிழில் தேடுவதில் சில கண்ணிகள் உண்டு. சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணியம் என்று ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பார். முழுப் பெயரையும் தேடாமல், "ரமணிய" என்ற பொதுத் துண்டைத் தேடுங்கள். மூன்றும் வரும். "ஸுப்ரஹ்மண்யன்" என்று எழுதிய பத்திரிகை அதிலும் தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு வடிவத்தையும் அந்த ஆளின் மாற்றுப் பெயராக, அதற்குரிய சான்றோடு சேர்த்துவிடுவது நல்லது. ஸ்ரீ என்ற எழுத்து இன்னொரு வம்பு. ஸ-வில் தொடங்கி ஒரு விதமாகவும், ஶ-வில் தொடங்கி ஒரு விதமாகவும் கணினியில் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டு. "ஸ்ரீனிவாசன்" கிடைக்கவில்லை என்றால் "னிவாச" என்று தேடிப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எந்தத் தேடலிலும் அது சிக்காது.

உறவினர் அனுப்பும் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் ஜெட்காம் என்ற கோப்பாக வரும். மென்பொருளுக்கு மென்பொருள் தகவல் மாற்றிக்கொள்ள 1984-இல் மார்மன் திருச்சபை உருவாக்கிய வடிவம் அது. அதை நேராக உங்கள் மரத்தில் கொட்டாதீர்கள். தனியாக ஒரு புது மரம் திறந்து இறக்கிப் பாருங்கள். சேர்ப்பது என்று முடிவு செய்தால், இறக்கும் ஒவ்வொன்றுக்கும் "இன்னார் அனுப்பிய கோப்பு, இன்ன தேதி" என்று தானாக ஓர் ஆதாரம் ஒட்டும் வசதி கிராம்ப்ஸின் விருப்பத்தேர்வுகளில் உண்டு. அதை இயக்கிவிட்டுச் செய்யுங்கள். எது நம் பெட்டியிலிருந்து வந்தது, எது அவர் சொன்னது என்பது பிறகும் தெரியும்.

நாம் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் எல்லாம் வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்பவை. கிராம்ப்ஸில் ஒரு பூட்டுக் குறி இருக்கிறது. எந்தப் பதிவையும் தனிப்பட்டது என்று பூட்டலாம். ஏற்றுமதி செய்யும்போது பூட்டியவற்றையும், உயிரோடு இருப்பவர்களையும் விட்டுவிடச் சொல்லலாம். ஜெட்காம் கோப்பில் ஸ்கேன் படங்கள் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். முழுக் காப்பு எடுக்க, படங்களையும் சேர்த்துக் கட்டும் கிராம்ப்ஸ் பொதி ஒன்று இருக்கிறது. அதை மாதம் ஒரு முறை எடுத்து, பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கும் பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

"எங்களிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. அப்படியானால் எதுவும் எழுதக் கூடாதா?" என்று ஓர் அம்மா கேட்டார். தாராளமாக எழுதலாம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1969-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலரிடம் சான்றிதழ் இருக்காது. ரேஷன் கார்டில் போட்ட வயது, பத்திரத்தில் எழுதிய வயது, பாட்டியின் நினைவு எல்லாவற்றையும் தனித்தனிச் சான்றாகப் போடுங்கள். ஒரே பிறப்புக்கு மூன்று சான்று மூன்று வருஷத்தைக் காட்டினால் மூன்றும் இருக்கட்டும். தேதிப் பெட்டியில் "சுமார்" என்றோ, "இந்த வருஷத்துக்கும் அந்த வருஷத்துக்கும் இடையில்" என்றோ போட மென்பொருள் அனுமதிக்கிறது. பிடிக்காததை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதைத்தான் செய்யக் கூடாது.

"அறுநூறு பேர் போட்ட மரம் என்னிடம் இருக்கிறது, ஒன்றுக்கும் ஆதாரம் எழுதவில்லை. இனி எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். அறுநூறையும் தொட வேண்டாம். உங்கள் நான்கு தாத்தா பாட்டிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு மட்டும் இந்த மாதம். அவர்களில் யாருடைய விஷயம் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியுமோ, அதை முதலில் எடுங்கள். பெட்டியில் இருக்கும் காகிதம் அடுத்த மாதமும் பெட்டியில் இருக்கும்.

ஸ்கேனர் நம் வளாக நூலக அறையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நான் அங்கே இருப்பேன். வரும்போது ஒரே ஒரு காகிதம் கொண்டு வாருங்கள், போதும்.